வாசகர் கேள்வி பதில்: மின்கம்பி எட்டாத வீடும் சின்னக் காற்றாலையும்

சென்ற இதழில் சோலார் பற்றிப் பேசும்போது, "பேனலோடு சின்னதாக ஒரு காற்றாலையும் இருந்தால் மழைநாளில் கைகொடுக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த இதழ் முழுக்க. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். பெயர்களைப் போடவில்லை, தன் கேள்வி எது என்று அவரவருக்கே தெரியும்.

கேள்வி: ஐயா, நான் பார்த்து வைத்திருக்கும் காற்றாலையில் 1 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. 24 மணி நேரமும் சுற்றினால் நாளைக்கு 24 யூனிட். பாதி நேரம்தான் காற்று என்று வைத்தாலும் 12 யூனிட். எங்களுக்கு 3 யூனிட்டே தாராளம். வாங்கிவிடலாமா?

பதில்: பொறுங்கள். அந்த 1 கிலோவாட் எந்தக் காற்றில் கிடைக்கும் என்று அதே அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். பெரும்பாலும் நொடிக்கு 11 அல்லது 12 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர் போல, குடை பிடித்து நடக்கச் சிரமப்படும் காற்று. அது எப்போதாவது அடிக்கும், ஆனால் நாள் முழுக்க, வருஷம் முழுக்க அடிக்கிற இடம் உங்களுடையது என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, காற்று பாதி வேகத்தில் அடித்தால் பாதி கரண்ட் வருமே என்று கேட்பீர்கள். வராது, எட்டில் ஒரு பங்குதான் வரும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது (மும்மடி என்றால் 2 × 2 × 2 மாதிரி, அதே எண்ணை மூன்று தடவை போட்டுப் பெருக்குவது), எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. இறக்கை சுற்றும் வட்டம் 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு காற்றாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் அது சுமார் 470 வாட் தரும். 5 மீட்டர் காற்றில் 60 வாட். 3 மீட்டர் காற்றில் 13 வாட், அதை வைத்து ஒரு செல்போனுக்குச் சார்ஜ் போடலாம். "3 மீட்டரிலேயே சுற்ற ஆரம்பித்துவிடும்" என்று விளம்பரம் செய்கிறார்களே, சுற்றும்தான், பார்க்க அழகாகவும் இருக்கும், பேட்டரிக்குப் பெரிதாக ஒன்றும் போகாது.

இறக்கை மாடலை மாற்றினால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வரும் என்று சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம். காற்றில் இருக்கும் ஆற்றலில் அதிகபட்சம் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்பது ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920இல் வெளியிட்ட கணக்கு, அது இன்றைக்கும் அப்படியேதான் நிற்கிறது. காற்று மொத்தத்தையும் பிடித்து நிறுத்திவிட்டால் பின்னால் வரும் காற்று எங்கே போகும்? சின்னக் காற்றாலைகள் 25, 30 சதவீதம் எடுத்தாலே நல்ல வேலைதான். அதனால் அட்டையில் போட்ட வாட்டை விட்டுவிட்டு விட்டத்தைப் பாருங்கள். விட்டம் இரண்டு மடங்கானால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்கு, கரண்டும் நான்கு மடங்கு.

வீட்டிலேயே போட்டுப் பார்க்க ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். விட்டத்தை மீட்டரில் எடுத்து அதாலேயே ஒருமுறை பெருக்குங்கள். உங்கள் இடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வேகத்தை எடுத்து அதன் மும்மடியைக் காணுங்கள். இரண்டையும் பெருக்கி, வந்ததை 1.6ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று கிடைக்கும். 2 மீட்டர் விட்டம், சராசரி 4 மீட்டர் காற்று என்றால் சுமார் 410 யூனிட், அதாவது நாளைக்கு ஒன்றைக் கொஞ்சம் தாண்டும். உங்களுடைய 3 யூனிட் வேண்டுமென்றால் 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டருக்கு மேல் சராசரிக் காற்றும் தேவை. 12 யூனிட் என்ற பேச்சை மறந்துவிடுங்கள்.

கேள்வி: போன மாதம் நீங்கள் தொலைபேசியில் இதே 1.6 கணக்கைச் சொன்னீர்கள். 2 மீட்டர் காற்றாலை 5 மீட்டர் காற்றில் 60 வாட் என்றால் நாளைக்கு 1.4 யூனிட்தானே வரும்? உங்கள் கணக்குப்படி 2.2 வருகிறது. எது சரி?

பதில்: கணக்கு டீச்சராகத்தான் இருக்க வேண்டும் நீங்கள். இரண்டுமே சரி. காற்று ஒரே வேகத்தில் அடிப்பதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாதி நாள் 2 மீட்டரும் பாதி நாள் 8 மீட்டரும் அடித்தால் சராசரி 5தான். ஆனால் 2இன் மும்மடி 8, 8இன் மும்மடி 512, இரண்டின் சராசரி 260. நாள் முழுக்க ஒரே சீராக 5 அடித்திருந்தால் 125தான். பலமாக அடிக்கிற சில மணி நேரம் மந்தமான நேரத்துக்கும் சேர்த்துச் சம்பாதித்துக் கொடுத்துவிடுகிறது. சாதாரண நிலத்தில் காற்று ஏறி இறங்கும் விதத்தை வைத்துப் பார்த்தால், சீரான காற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல் அதே சராசரியில் இருக்கும். முழு இரண்டு மடங்கும் பேட்டரிக்குப் போவதில்லை, வழியில் கொஞ்சம் தேயும். அந்தத் தேய்மானத்தையும் சேர்த்ததுதான் 1.6.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் கொட்டிவிட்டு ஐந்து நாள் சும்மா இருக்கும். பேட்டரி பற்றிய கேள்வியில் இதற்கு வருகிறேன்.

கேள்வி: எங்கள் இடத்தில் எப்போதும் நல்ல காற்று. அதை அளக்க வேறு வேண்டுமா?

பதில்: "எங்கள் இடத்தில் எப்போதும் நல்ல காற்று" என்று எழுதாத கடிதமே இல்லை! காற்று இல்லாத நேரம் யாருக்கும் ஞாபகத்தில் நிற்பதில்லை, அவ்வளவுதான். முகத்தில் காற்று படுகிறது, இலைகள் சலசலக்கின்றன என்றால் அது நொடிக்கு 2, 3 மீட்டர், காற்றாலைக்குப் பிரயோஜனமில்லை. இலைகளும் சின்னக் குச்சிகளும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தால் 4, 5 மீட்டர். புழுதி கிளம்பி, கிடக்கிற காகிதம் பறந்து, சின்னக் கிளைகள் அசைந்தால் 6, 7 மீட்டர். ஒரு வாரம் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு வேளையும் மரத்தைப் பார்த்து எழுதி வாருங்கள். பாதிப் பேர் இதிலேயே முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

மீதிப் பேர் அளக்கத்தான் வேண்டும். உலகக் காற்று வரைபடம் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து போட்டது. அதில் உங்கள் இடத்தைத் தொட்டால் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 50 மீட்டர் உயரத்தில் என்று சராசரி வேகம் வரும். 10 மீட்டர் கணக்கைத்தான் பார்க்க வேண்டும், 100 மீட்டர் கணக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. அந்த வரைபடம் உங்கள் பக்கத்து மரத்தையும் கொட்டகையையும் கணக்கில் எடுக்காது என்பதால், கிண்ணம் சுற்றும் காற்றுமானி ஒன்றை, பதிவு செய்துகொள்ளும் வசதியோடு வாங்கி, காற்றாலை எங்கே நிற்கப்போகிறதோ அந்த இடத்திலேயே முடிந்த அளவு உயரமான கம்பத்தில் கட்டிவிடுங்கள். ஒரு வருஷம் ஓடினால் நல்லது. பொறுமை இல்லையென்றால் காற்றுக் காலத்தில் சில மாதம், மந்தக் காலத்தில் சில மாதமாவது ஓடட்டும். சராசரி 4 மீட்டருக்குக் கீழே என்றால் என்னுடைய ஆலோசனை: அந்தப் பணத்துக்குப் பேனல் வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: மொட்டைமாடியில் வைத்தால் கம்பச் செலவு மிச்சமாகுமே?

பதில்: வைக்காதீர்கள். சுவரில் மோதி மேலே ஏறுகிற காற்று கூரை விளிம்பில் சுழன்று புரளும். அந்தச் சுழலில் காற்றாலை திசை தெரியாமல் அலைந்துகொண்டே இருக்கும், கரண்டும் வராது, பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். பிரிட்டனில் 2007, 2008இல் வார்விக் சோதனை என்று ஒன்று நடத்தினார்கள், கட்டடங்களில் பொருத்திய 26 சின்னக் காற்றாலைகளை அளந்தார்கள். அவற்றின் முழுத் திறனில் சராசரியாக 5 சதவீதம்கூட வரவில்லை. இதற்கு மேல், இரவில் அந்த அதிர்வு கம்பத்தின் வழியாகக் கான்கிரீட்டில் இறங்கிப் படுக்கையறை வரைக்கும் வரும். தூங்க முடியாது.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு உயரம்? மேலே ஏறிப் பழுது பார்ப்பது யார்?

பதில்: சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கும் எதைவிடவும், அது மரமோ வீடோ தண்ணீர்த் தொட்டியோ, இறக்கையின் கீழ்நுனி குறைந்தது 10 மீட்டர் மேலே இருக்க வேண்டும். இது பழைய விதி, இன்னும் பொய்க்கவில்லை. மரம் வளரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியிலேயே 10 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குப் போனால் வேகம் 10 சதவீதம்போலத்தான் கூடும். கேட்கக் கொஞ்சமாகத் தெரிகிறது, மும்மடி ஞாபகம் இருக்கிறதல்லவா, கரண்ட் 35 சதவீதம் கூடும். மரங்களும் வீடுகளுமாக இருக்கும் இடத்தில் இன்னும் அதிகம். இதனால்தான் நான் எப்போதும் சொல்வது: கையில் இருக்கும் பணத்தை முதலில் கம்பத்துக்கு ஒதுக்குங்கள், மிச்சத்தில் காற்றாலை. நல்ல கம்பத்தில் நிற்கும் சுமாரான காற்றாலை, குட்டைக் கம்பத்தில் நிற்கும் உசத்தியான காற்றாலையைத் தோற்கடித்துவிடும்.

ஏற வேண்டியதில்லை. சாய்க்கிற கம்பம் போடுங்கள். அடியில் கீல் இருக்கும், நான்கு பக்கமும் ஸ்டே கம்பி, அதாவது கம்பத்தை இழுத்துக் கட்டும் கம்பி. கீலுக்குப் பக்கத்தில் பெரிய கம்பத்துக்குச் செங்கோணத்தில் ஒரு துணைக்கம்பம் நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கைவின்ச்சால் (கையால் சுற்றிக் கம்பியை இழுக்கும் உருளை) இழுத்தால் பெரிய கம்பம் எழும்பும், தளர்த்தினால் மெதுவாகப் படுக்கும். கிணற்றடி ஏற்றம் மாதிரிதான், ஒரு முனை இறங்க மறுமுனை எழும். பக்கவாட்டு ஸ்டே இரண்டும் கீலோடு ஒரே நேர்கோட்டில் ஊன்றியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கோடு தப்பினால் பாதி வழியில் ஒரு கம்பி விறைத்துக்கொள்ளும், இன்னொன்று தொய்ந்து கம்பம் பக்கவாட்டில் போய்விடும். தூக்கும்போது கம்பம் விழக்கூடிய வட்டத்துக்குள் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. வீடும் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: பம்பரம் மாதிரி நின்றபடி சுற்றும் காற்றாலை எந்தத் திசைக் காற்றையும் பிடிக்குமாமே?

பதில்: பிடிக்கும். வால் வைத்த சாதாரணக் காற்றாலையும் எந்தத் திசைக் காற்றுக்கும் தானே திரும்பிக்கொள்ளும், ஆக அதில் பெரிய லாபம் இல்லை. பின்லாந்துக்காரர் சவோனியஸ் 1920களில் கண்டுபிடித்த, பீப்பாயை இரண்டாகப் பிளந்து வைத்த மாதிரி வடிவம் ஒன்று உண்டு. மெதுவான காற்றிலும் அசையும், எளிதாகச் செய்துவிடலாம், ஆனால் இரும்பு நிறையப் போகும், கரண்ட் கொஞ்சமாக வரும். பிரான்சின் டாரியூஸ் வடிவம் அதைவிடத் தேவலை, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை முன்னும் பின்னும் இழுபட்டுச் சீக்கிரம் களைத்துவிடும், தானாகச் சுற்ற ஆரம்பிக்கவும் தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவற்றைத் தரைக்குப் பக்கத்திலேயே நட்டுவிடுகிறார்கள். காற்றே இல்லாத இடத்தில் எந்த வடிவம் நின்றால் என்ன?

கேள்வி: சார், பேட்டரி நிறைந்ததும் சோலாரை மாதிரி இதையும் ஆஃப் செய்துவிடலாமா? ஒரு எலக்ட்ரீஷியன், பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சோலார் கன்ட்ரோலரிலேயே இதையும் சேர்த்துவிடலாம் என்கிறார்.

பதில்: வேண்டவே வேண்டாம். வந்ததிலேயே மிக முக்கியமான கேள்வி இது.

பேனலின் வயரைக் கழற்றிவிட்டால் அது பாட்டுக்கு வெயிலில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. காற்றாலையிலிருந்து வயரைக் கழற்றினால் அதைப் பிடித்து வைத்திருந்த ஒரே பிடியும் போய்விட்டது என்று அர்த்தம். கரண்ட் எடுக்கும்வரைதான் ஜெனரேட்டர் இறக்கையை இழுத்துப் பிடிக்கும். எடுப்பதை நிறுத்தினால் இறக்கை தறிகெட்டுச் சுற்றும், வோல்டேஜ் எகிறும், சோலார் கன்ட்ரோலர் அதைத் தாங்காமல் கருகிவிடும். பலமான காற்றென்றால் இறக்கையே பிய்ந்து பறக்கலாம்.

அதனால் காற்றாலைக்கென்றே இருக்கும் கன்ட்ரோலர் வேண்டும். பேட்டரி நிறைந்ததும் அது கரண்டை நிறுத்தாது, வேறு பக்கம் திருப்பிவிடும். அந்த வேறு பக்கத்துக்குப் பெயர் டம்ப் லோடு. பெரிய மின்தடைச் சுருள், ஹீட்டர் கம்பி மாதிரி, சூடாகி ஆற்றலைத் தின்றுவிடும். சிலர் அதைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்துச் சுடுநீராக எடுத்துக்கொள்கிறார்கள், நல்ல யோசனைதான், தொட்டி வற்றாமல் பார்த்துக்கொண்டால். காற்றாலையின் உச்சத் திறனைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தாங்கும் டம்ப் லோடாக வாங்குங்கள், மரச்சுவரிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள், தொட்டால் சுடும்.

நிறுத்துவதற்கு ஒரு பிரேக் சுவிட்சும் உண்டு. ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று வயரையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் இறக்கை தேங்கி நின்றுவிடும். ஆனால் காற்று குறைவாக இருக்கும்போதுதான் இதைப் போட வேண்டும். புயலுக்கு நடுவில் போட்டால் நிற்காமலும் போகலாம், உள்ளே சுருள் கருகியும் போகலாம். அப்புறம், மிகையான காற்றில் வால் மடங்கி இறக்கை முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு நல்ல காற்றாலையில் இருக்கும். வாங்குமுன் அது இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: சோலாரே இல்லாமல் காற்றை மட்டும் நம்பி ஒரு வீடு ஓடுமா? எவ்வளவு பேட்டரி வேண்டும்?

பதில்: ஓடும், பேட்டரிக்கே சொத்து போய்விடும். முதலில் செலவைக் கணக்கெடுங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஐந்து, 5 மணி நேரம். குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று, 10 மணி நேரம். லேப்டாப் 60 வாட், 4 மணி நேரம். தண்ணீர் மோட்டார் 750 வாட், அரை மணி நேரம். சின்ன ஃபிரிட்ஜுக்கு ஒரு யூனிட். கூட்டினால் 2.75 யூனிட்டுக்குப் பக்கத்தில் வரும். இன்வெர்ட்டரிலும் பேட்டரியிலும் போகும் நஷ்டத்தைச் சேர்த்து 3.3 என்று வையுங்கள். ஃபேன் பழைய 75 வாட் ரகமாக இருந்தால் அது மட்டுமே ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் கூட்டிவிடும். காற்றாலையைப் பெரிதாக்குவதைவிட ஃபேனை மாற்றுவது எவ்வளவோ சுலபம்.

இரண்டு நாள் காற்றே இல்லாவிட்டாலும் தாங்க 6.6 யூனிட் கையிருப்பு வேண்டும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், எனவே 13 யூனிட் கொள்ளளவு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80 சதவீதம்வரை எடுக்கலாம், 8 யூனிட்டில் முடிந்துவிடும். ஈய பேட்டரி அறைக்குக் காற்றோட்டம் கட்டாயம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்று மந்தம் ஒரு வாரம் நீடித்தால் இந்தக் கணக்கும் உதவாது. பேனல் பாதி, காற்றாலை பாதி என்று வைத்தால் மேகமூட்டத்தோடு காற்றும் வரும் நாளில் ஒன்று, அமைதியான வெயில் நாளில் இன்னொன்று என்று மாற்றி மாற்றித் தாங்கும். என்னைக் கேட்டால் பேனல்தான் அடிப்படை, காற்றாலை அதற்குத் துணை.

இன்னொன்று: 12 வோல்ட்டில் ஆரம்பிக்காதீர்கள். கம்பம் வீட்டிலிருந்து தள்ளி நிற்கும், வயர் நீளம். 500 வாட்டை 24 வோல்ட்டில் அனுப்பினால் 21 ஆம்பியர், 48 வோல்ட்டில் அதில் பாதி. ஆம்பியர் பாதியானால் அதே வயரில் நஷ்டம் கால் பங்குதான்.

கேள்வி: பழைய கார் ஆல்டர்னேட்டர் ஒன்று இருக்கிறது. நானே செய்யலாமா?

பதில்: நீங்களே செய்யலாம், ஆனால் அதை வைத்து வேண்டாம். கார் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் வேலை செய்யும். 2 மீட்டர் இறக்கை 5 மீட்டர் காற்றில் 300 சுற்றுகூடத் தாண்டாது. நடுவில் பல்சக்கரம் வைத்தால் இருக்கிற கொஞ்சமும் அதில் போய்விடும். ஸ்காட்லாந்தில் ஸ்கோரைக் என்று மின்கம்பியும் சாலையும் எட்டாத ஒரு தீபகற்பம் இருக்கிறது. அங்கே 1970களிலிருந்து வசிக்கும் ஹியூ பிகட் என்பவர் காந்தத் தகடுகளுக்கு நடுவே ரெசினில் வார்த்த செப்புச் சுருளை வைத்து, மெதுவாகச் சுற்றினாலே கரண்ட் தரும் ஜெனரேட்டரும், மரத்தில் செதுக்கிய இறக்கையும் செய்யும் முறையைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உலகெங்கும் அதைப் பார்த்துச் செய்கிறார்கள். வெல்டிங்கும் தச்சும் கொஞ்சம் தெரிந்தால் நீங்களும் செய்யலாம். காந்தத் தகடுகளைக் கையாளும்போது மட்டும் ஜாக்கிரதை, இரண்டு தகடுகளுக்கு நடுவே விரல் மாட்டினால் நசுங்கிவிடும்.

கேள்வி: தாத்தா இதெல்லாம் புது ஃபேஷன், நிலைக்காது என்கிறார்.

பதில்: 1887இலேயே ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் துணிப்பாய் கட்டிய காற்றாலையில் பேட்டரியை ஏற்றித் தன் விடுமுறை வீட்டுக்கு விளக்குப் போட்டுவிட்டார். மிச்சக் கரண்டில் ஊர்த் தெருவுக்கும் விளக்குப் போட்டுத் தருகிறேன் என்றதற்கு, இது சாத்தானின் வேலை என்று ஊர்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ் 17 மீட்டர் விட்டத்தில் 144 இறக்கைகளோடு ஒன்றைக் கட்டினார், 12 கிலோவாட். தாத்தாவிடம் காட்டுங்கள்.

கேள்வி: வருஷாவருஷம் என்ன பராமரிப்பு? புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

பதில்: வருஷத்துக்கு ஒருமுறையாவது, காற்றுக் காலம் தொடங்கும் முன், கம்பத்தைச் சாய்த்து எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், பேரிங்குக்கு கிரீஸ் வையுங்கள், இறக்கையின் முன்விளிம்பு அரித்திருந்தால் டேப் ஒட்டுங்கள். ஸ்டே கம்பியின் இழுவிசையைப் புதிதாக நட்ட முதல் மாதத்திலேயே ஒருமுறை சரிபார்க்க வேண்டும், மண் அமுங்கும். கம்பத்துக்கும் ஸ்டே கம்பிகளுக்கும் தனித்தனியாக எர்த் போட்டு எல்லாவற்றையும் வீட்டு எர்த்தோடு இணையுங்கள், வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் காப்பு ஒன்று. சத்தம் திடீரென்று மாறினால் காரணம் தெரியும்வரை ஓட விடாதீர்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால், காற்று ஏறும் முன்பே பிரேக்கைப் போட்டு, பகல் வெளிச்சத்தில் கம்பத்தைச் சாய்த்து, தரையில் முட்டுக் கொடுத்து வைத்து, இறக்கைகளை அசையாமல் கட்டிவிடுங்கள். வின்ச்சைப் பிடிக்க ஒருவர், கம்பத்தைக் கவனிக்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். காற்று ஏறிவிட்டதென்றால் சாய்க்கப் போகாதீர்கள், டம்ப் லோடும் மடங்கும் வாலும் தங்கள் வேலையைப் பார்க்கட்டும், நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருங்கள்.